அறுபத்து நான்காவது மூட்டை

இரவு இரண்டு மணிக்குப் பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷின் உருளத் தொடங்கும்.
எனக்கு மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை.
அறுபத்து மூன்றுக்கு அப்புறம்
அறுபத்து ஐந்து என்று எழுதிவிட்டேன்.
நடுவில் ஒன்று
தார்ப்பாய்க்கு அடியில் அசைந்தது.

சாம்பல் நிறம். இடது காதில் பாதி இல்லை.
பன்றிக்கு வைத்த சுருக்கு பின்னங்காலில்.
கம்பி சதைக்குள் இறங்கிக்
காணாமலே போயிருந்தது.
வெளியே மிச்சமிருந்த முழ நீளம்
சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு
அது போகுமிடமெல்லாம் கூடப் போனது.

யாருடைய பூனையும் இல்லை.
பெயர் வைத்தவர் இல்லை, கல்லெறிந்தவர் உண்டு.
'எலி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்' என்று
கொட்டகைக்கார பெள்ளிராஜ் எப்போதோ சொன்னது
அதற்குக் கிடைத்த பட்டா.

யோகராணி சொன்னாள்: சாக்கைப் போட்டு அமுக்கு.
லாரிக்கு அடியிலிருந்து கட்டரோடு வந்த ஷாகுல்,
'நான் பிடிக்கிறேன், நீ வெட்டு' என்றான்.
போன மழைக்கு இதே பூனை கீறி
ஐந்து ஊசி போட்டுக்கொண்டவன்.
பெள்ளிராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
மிஷினை நிறுத்தினார்.
தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்ததும்
புல்மேல் உறைபனி இறுகுவதுகூடக்
கேட்கும்போல் இருந்தது.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு தாமதம்,
அதை அவர் வாயால் சொல்லவில்லை.

டாக்டர் லில்லிபாய் மூன்று மணிக்குப் போனை எடுத்தார்.
எங்கள் மாட்டுக்கு ஒருமுறை வந்தவர்.
திட்டவில்லை.
'கம்பியை அங்கே வைத்து எடுக்காதே.
கால் கறுத்திருக்கா?'
கறுத்திருக்கு டாக்டர். வாடை வருது.
'அப்போ காலை எடுக்கணும்.
எடுத்தால் திரும்ப வெளியே விட முடியாது,
நாய் விடாது, சிறுத்தை விடாது.
நீ வச்சுக்குவியா?
இல்லேன்னா ஒரு ஊசி...'
சிக்னல் போனதா, அவர் நிறுத்தினாரா,
தெரியவில்லை.

என் வீட்டுக்குக் கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று.
ஜன்னலும் பாதிதான் திறக்கும்.
மனுஷக் கை படாமல்
நாலு குளிர்காலம் தாண்டிய ஒன்றை
அதற்குள் கொண்டுபோய்
'பிழைச்சுக்கிட்டே' என்று சொல்வதா.
தூங்க வைப்பதா.
இப்படியே விட்டு,
நாளை ஓடைப்பக்கம் காக்கை இறங்குவதைப் பார்த்து
விஷயம் தெரிந்துகொள்வதா.
எந்த உதவிக்கும் அதனிடம் அனுமதி கேட்க
எனக்கு பாஷை இல்லை.

உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துக்
குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்தோம்.
குச்சியில் கயிறு. உள்ளே நெத்திலிக் கருவாடு,
யோகராணி பாலூற்றிய டீக்கடை மூடி.
எல்லாரும் லாரிக்குப் பின்னால் ஒதுங்க
கயிறு என் கையில்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு
பால் குடிக்கும் என்பார்கள்.
இது மூடவில்லை.
நக்குகிற நாக்குக்கு மேலே இரண்டு மஞ்சள் வட்டம்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.
கண்ணை மூடியது நான்.
மூடிக்கொண்டு இழுத்தேன்.

ஷாகுலின் லாரி கீழே போகிறது,
நான் மேலே போக வேண்டும்.
ஆறு பத்து பஸ்ஸில்
சாக்குச் சுற்றிய பெட்டி என் மடியில் அதிர்ந்தது,
இஞ்சின் அதிர்வா, அதன் நடுக்கமா.
கண்டக்டர் எட்டிப் பார்த்து
'உள்ளே என்னக்கா?' என்றார்.
'கேரட்' என்றேன்.
அவ்வளவு நேரம் வாய் திறக்காதது
அப்போது கத்தியது.
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
அவர் ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார்.

முத்தோரை போனது. ஃபெர்ன்ஹில் போனது.
டாக்டர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.
பையில் கணக்கு நோட்டை எடுத்து
அறுபத்து மூன்றுக்குக் கீழே இடுக்கி
அறுபத்து நான்கு என்று எழுதினேன்.
எடை என்ற கட்டத்தில்
பேனா நின்றது.